குமாரினைக் குழாயில் சோதிக்கப்போகிறவர்களுக்கு

கொழும்பில் இரசாயனவியல் படிக்கும் ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், "குருதியுறைதலைத் தடுக்கும் புதிய குமாரின் சேர்வைகள்" என்பது சீக்கிரமே கையில் அகப்படும். ஏனென்று விளங்காமல் இல்லை. 4-ஐதரொட்சிக்குமாரின் ஒரு போத்தல், ஏழெட்டு அல்டிகைட்டுகள், கொஞ்சம் எதனோல் இருந்தால் இரண்டு கிழமைக்குள் பத்துச் சேர்வைகள் கண்ணாடிக் குப்பிகளில் வந்துவிடும். பிறகு பீ.ரீ. (புரோதுரொம்பின் நேரம், அதாவது உறைய எடுக்கும் விநாடிகள்) சோதனைக்கான கிற் ஒன்றை வாங்கி, திரவவிழையத்தில் (பிளாஸ்மா) சேர்வையை விட்டு, நிறுத்தற்கடிகாரத்தைப் பிடித்தால் அட்டவணையும் தயார்.

இதில் தொகுப்புப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே அமையும். பிழை மற்றப் பாதியில் இருக்கிறது. குருதியுறைதலைத் தடுக்க நோயாளிகளுக்குக் கொடுக்கும் வார்ஃபரினும் ஒரு குமாரின்தான். அதன் உறவுச் சேர்வைகளை, வார்ஃபரினே வேலை செய்யாத ஒரு குழாயில் போட்டுப் பார்க்கிறோம்.

வார்ஃபரின் குருதியில் இருக்கும் எந்த உறைதற் காரணியையும் நேரே தொடுவதில்லை. அது தொடுவது ஈரலில் உள்ள ஒரு நொதியத்தை: விட்டமின் கே எபொட்சைட்டைத் திரும்ப விட்டமின் கேயாக மாற்றும் ரிடக்ரேசு. ஈரல் 2, 7, 9, 10 ஆகிய காரணிகளைச் செய்யும்போது அவற்றின் சில குளுட்டமிக் அமில அலகுகளில் மேலதிகமாக ஒரு காபொட்சில் கூட்டத்தை ஏற்றுகிறது. அந்த இரட்டைக் காபொட்சில்தான் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு காரணியைக் குருதிச்சிறுதட்டின் மேற்பரப்பில் உட்காரவைக்கிறது. விட்டமின் கே திரும்பக் கிடைக்காவிட்டால் புதிதாக வரும் காரணிகள் கைகள் இல்லாமலே வெளியேறும். ஆனால் ஏற்கெனவே குருதியில் சுற்றிக்கொண்டிருக்கும் காரணிகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை காலாவதியாகும்வரை வேலை செய்யும். 7ஆம் காரணியின் அரைவாழ்வு ஏறக்குறைய 6 மணிநேரம். 2ஆம் காரணியான புரோதுரொம்பினுக்கு 60 மணிநேரத்துக்கும் மேல். வார்ஃபரின் தொடங்கிய நோயாளியின் ஐ.என்.ஆர். (பீ.ரீ.யிலிருந்து கணக்கிடும் ஒப்பீட்டு எண்) நிலைபெற நாட்கள் எடுப்பது இதனால்தான்.

குழாயில் ஈரல் இல்லை. குழாயில் இருக்கும் காரணிகள் எல்லாம் கைகளோடு பிறந்தவை. சோதனை முடிய எடுப்பதோ 12 விநாடி.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. இந்தச் சேர்வைக் குடும்பம் உலகுக்கு வந்த விதமே அதுதான். 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் கொம்பு வெட்டியதற்கே குருதி பெருகிச் செத்தன. 1933இல் விஸ்கொன்சின் விவசாயி ஒருவர் செத்த பசுங்கன்றையும், ஒரு பாற்கலம் நிறைய உறையாத குருதியையும் உயிரிரசாயனவியலாளர் கார்ல் போல் லிங்கின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். காரணப் பொருளைப் பளிங்காகப் பிரிக்க 1939 வரை சென்றது. அந்த ஆறு ஆண்டுகளும் லிங்கின் குழுவுக்கு வழிகாட்டியது முயல்கள்: வைக்கோற் சாற்றை ஊட்டி, காத்திருந்து, பிறகு முயலின் திரவவிழையத்தில் புரோதுரொம்பின் நேரம் பார்த்தார்கள். சாற்றை நேரே குழாயில் விட்டுப் பார்த்திருந்தால் அந்தக் காரணப் பொருளான டைகுமரோல் இன்றும் வைக்கோலுக்குள்தான் கிடந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குமாரின் தொகுப்பைக் கைவிட வேண்டியதில்லை. எதைச் செய்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பதை ஒழுங்குபடுத்தினால் போதும். தொகுப்பிலிருந்தே வருகிறேன்.

பிஸ்குமாரின் (இரண்டு குமாரின் இணைந்த சேர்வை) ஒன்றுக்கு எளிய அளவு: 4-ஐதரொட்சிக்குமாரின் 2 மில்லிமூல், அதாவது 324 மில்லிகிராம், 4-குளோரோபென்சல்டிகைட்டு 1 மில்லிமூல், 141 மில்லிகிராம், எதனோல் 10 மி.லீ.; பிப்பெரிடீன் இரண்டு துளி. ரிஃப்ளக்ஸ் செய்தால் (ஆவியை ஒடுக்கித் திருப்பியபடி கொதிக்கவைத்தால்) ஒன்றிரண்டு மணிநேரத்தில் வெள்ளைத் திண்மம் தானாகவே விழத் தொடங்கும். முதலாவது குமாரின் அல்டிகைட்டோடு சேர்ந்து நீரை இழக்கிறது. அப்போது உருவாகும் இரட்டைப் பிணைப்பில் இரண்டாவது குமாரின் வந்து ஒட்டுகிறது. விளைவின் மூலக்கூற்றுத் திணிவு 446.8. ஆறவைத்து, வடிகட்டி, சூடான எதனோலால் கழுவினால் தாக்கமடையாத 4-ஐதரொட்சிக்குமாரின் பெரும்பாலும் போய்விடும். மூலப்பொருளின் உருகுநிலை 210 பாகையை ஒட்டியது. விளைவினது 250ஐத் தாண்டும். ஆகவே உருகுநிலைக் குழாயே முதல் தகவலைத் தந்துவிடும்.

பலரை ஏமாற்றும் இடம் அந்தப் பிப்பெரிடீன். பிஸ்குமாரினின் ஈனோல் ஐதரொட்சி நல்ல அமிலம். அமீன் கிடைத்தால் உப்பாகிவிடும். ஆகவே நீங்கள் வடிகட்டி எடுத்தது நடுநிலைச் சேர்வையாக இல்லாமல் பிப்பெரிடீனியம் உப்பாக இருக்கலாம். என்.எம்.ஆரில் (கருக்காந்தப் பரிவு நிறமாலையில்) 1.6, 3.0 அளவில் அழைக்காத விருந்தாளிகள் போல உச்சிகள் தெரிந்தால் அதுதான். உருகுநிலையும் இறங்கியிருக்கும். திண்மத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தோடு அரைமணிநேரம் கலக்கி, நீரால் கழுவி, திரும்பப் பளிங்காக்குங்கள். இதைக் கவனிக்காமல் உப்பையே திரவவிழையத்தில் விட்டால் ஒவ்வொரு மூலோடும் ஒரு மூல் அமீனும் உள்ளே போகும். நிறுத்து எடுத்த நிறையும் பிழை, செறிவும் பிழை.

சுத்தமான சேர்வை குளோரோபோம்-டீயில் இரண்டு கூரிய அடையாளங்களைத் தரும். நடுவிலுள்ள ஒற்றை ஐதரசன் 6.0 - 6.1 இடையே தனியுச்சியாக வரும். ஐதரசன் பிணைப்பில் கட்டுண்ட இரண்டு ஐதரொட்சிகளும் 11.3 - 11.6 இடையே தெரியும். அல்டிகைட்டின் 10 அளவிலான உச்சி முற்றாகப் போயிருக்க வேண்டும். டீ.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் எடுத்தால் ஐதரொட்சிகள் பரந்து காணாமலே போகலாம். அதைப் பார்த்துச் சேர்வை பிழையென்று எறிந்துவிடாதீர்கள். திணிவு நிறமாலையில் 18 குறைவாக ஓர் உச்சி நின்றால், நீரை இழந்து பைரன் வளையமாக மூடிக்கொண்டது கலந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கியதன் விளைவு அது. ரீ.எல்.சீ. (மென்படல நிறப்பகுப்பு) தட்டில் பிஸ்குமாரின்கள் வால் விட்டு இழுபடும். ஓடுகரைப்பானில் ஒரு துளி அசற்றிக் அமிலம் சேர்த்தால் புள்ளி திரளும். உயிரியற் சோதனைக்குப் போகும் சேர்வைக்கு எச்.பீ.எல்.சீ.யில் (உயர்திறன் திரவ நிறப்பகுப்பில்) 95 சதவீதத் தூய்மை என்பது கீழெல்லை. 5 சதவீத அழுக்கு நானோமூலார் வீரியமுள்ளதாக இருந்தால் உங்கள் மைக்ரோமூலார் முடிவு முழுவதும் அதனுடையதாக இருக்கலாம்.

4-ஐதரொட்சிக்குமாரினை நீங்களே செய்ய முனையாதீர்கள், வாங்குங்கள். 2-ஐதரொட்சி அசற்றோபினோனையும் டைஎதைல் காபனேற்றையும் சோடியம் ஐதரைட்டோடு சேர்க்கும் வழி புத்தகத்தில் அழகானது. கொழும்பின் ஈரக்காற்றில் சோடியம் ஐதரைட்டுப் போத்தலைத் திறப்பது வேறு கதை.

ஈரக்காற்று என்றதும் வெப்பநிலையையும் சொல்ல வேண்டும். கட்டுரைகளில் "அறை வெப்பநிலை" என்றால் 20 - 25 பாகை. குளிரூட்டி இல்லாத நமது ஆய்வுகூடத்தில் அது 30. ஈதர் 34.6 பாகையிலும் டைகுளோரோமெதேன் 40 பாகையிலும் கொதிப்பவை. குழாய்நீர் 28 பாகையில் ஒடுக்கிக்குள் ஓடினால் சுழல் ஆவியாக்கி கரைப்பானைப் பிடிக்காது; ஆவி நேரே பம்புக்குள்ளும் அங்கிருந்து உங்கள் மூச்சுக்குள்ளும் போகும். ஒரு வாளியில் பனிக்கட்டி நீர், அதற்குள் மீன்தொட்டிக்கு விற்கும் சிறிய பம்பு: இவ்வளவு போதும். டீ.எம்.எஸ்.ஓ. 18.5 பாகையில் உறையும் என்பதால் இங்கே மேசையில் அது என்றும் திரவமாகவே இருக்கும். திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். இருப்புக் கரைசலைச் சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டும் திறப்பதே வழி.

இனித் திரவவிழையம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் நண்பர்களின் கையில் ஊசி குத்தத் தொடங்கக்கூடாது. முதல் மூன்று மாதம் அதற்கே போகும் என்று திட்டமிடுங்கள். கல்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுக்கும் 3.2 சதவீதச் சோடியம் சித்திரேற்றுக் குழாயில், 9 பங்கு குருதிக்கு 1 பங்கு சித்திரேற்று. குழாய் குறியீடுவரை நிரம்பாவிட்டால் சித்திரேற்று மிகுந்து உறைநேரம் பொய்யாக நீளும். ஊதா மூடிக் குழாய் கூடவே கூடாது, அதிலுள்ள ஈ.டீ.ரீ.ஏ. கல்சியத்தை விடாப்பிடியாகப் பிடிக்கும், 5ஆம் காரணியையும் பாதிக்கும். மூன்று நான்கு தடவை மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, 1500 ஜீயில் 15 நிமிடம் மையநீக்கியில் சுற்றி, மேலுள்ளதில் முக்கால்வாசியை மட்டும் எடுங்கள். பலரின் திரவவிழையத்தைச் சேர்த்து ஒரே தொகுதியாக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து மறை 70 பாகையில் வையுங்கள். உருக்கும்போது 37 பாகை நீரில் ஐந்து நிமிடத்தில் உருக்குங்கள். குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் மெல்ல உருகவிட்டால் பைபிரினோசனும் 8ஆம் காரணியும் அடியில் வீழ்படிவாகி நிற்கும். தானாகப் பனி நீக்கும் வீட்டுப் பெட்டிகளும் ஆகாது, அவை தினமும் சூடாகித் திரும்பக் குளிர்பவை. 2022இன் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பிறகு, உறைவிப்பானுக்குள் ஒரு குப்பி பனிக்கட்டியும் அதன்மேல் ஒரு நாணயமும் வைக்கும் பழக்கத்தை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும். நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் அந்தத் தொகுதி உருகி உறைந்தது; அதை நம்பக்கூடாது.

நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி மத்திய நிலையத்தைப் போன்ற இடங்களிலிருந்து ஆய்வுக்கு அனுமதியோடு திரவவிழையம் கிடைத்தால், பையிலுள்ள உறைதடுப்புக் கரைசலைக் கணக்கில் எடுங்கள். வழமையான பையில் 450 மி.லீ. குருதிக்கு 63 மி.லீ., அதாவது ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அடிப்படை நேரமே உங்கள் 9:1 குழாயிலிருந்து வேறுபடும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக்கூடாது.

பீ.ரீ.க்கு: சூடாக்கிய திரவவிழையம் 100 மைக்ரோலீற்றர், கல்சியம் சேர்ந்த துரொம்போபிளாஸ்ரின் (உறைதலைத் தொடக்கும் தாக்கி) 200 மைக்ரோலீற்றர். ஏ.பீ.ரீ.ரீ.க்கு (12ஆம் காரணியிலிருந்து தொடங்கும் பாதையின் உறைநேரம்): திரவவிழையம் 100, ஊக்கும் தாக்கி 100, கிற் சொல்லும் நிமிடங்கள் காத்து, 25 மில்லிமூலார் கல்சியம் குளோரைட்டு 100. எல்லாம் 37 பாகையில். சேர்வையை டீ.எம்.எஸ்.ஓ.வில் 10 மில்லிமூலாராக, நமது உதாரணத்துக்கு 1 மி.லீ.க்கு 4.47 மில்லிகிராமாகக் கரைத்து, அதில் 1 மைக்ரோலீற்றரை 99 திரவவிழையத்தில் விட்டால் 100 மைக்ரோமூலார், டீ.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம். தாக்கிகள் சேர்ந்த பின் அது மூன்றிலொன்றாகும். எந்தச் செறிவைச் சொல்கிறோம் என்று எழுதாத கட்டுரைகளே அதிகம். வெறும் டீ.எம்.எஸ்.ஓ. சேர்த்த ஒப்பீடு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும்.

அப்படியானால் குமாரின் சேர்வைகள் குழாயில் உறைநேரத்தை நீட்டின என்று வெளிவந்த முடிவுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் செறிவிலிருந்து. 1 மி.லீ.க்கு 1 மில்லிகிராம் என்று வாசிக்கும்போது சிறிதாகத் தோன்றும். 447 திணிவுள்ள சேர்வைக்கு அது 2.2 மில்லிமூலார். இதைக் கல்சியத்தோடு வைத்துப் பாருங்கள். 9 மி.லீ. குருதியில் செங்குழியங்கள் 45 சதவீதம் என்றால் திரவவிழையம் 4.95 மி.லீ., சித்திரேற்றுக் கரைசலோடு 5.95. அதற்குள் 0.109 மில்லிமூல் சித்திரேற்று. ஆகவே 18 மில்லிமூலார். ஏ.பீ.ரீ.ரீ. குழாயில் அது மூன்றிலொன்றாகி 6. நாம் சேர்த்த கல்சியமும் மூன்றிலொன்றாகி 8.3. திரவவிழையத்தின் சொந்தக் கல்சியத்தையும் கூட்டினால், சித்திரேற்றுப் பிடித்தது போக மிஞ்சுவது ஏறத்தாழ 3 மில்லிமூலார்தான். ஈனோலும் காபனைலும் அருகருகே உள்ள ஒரு பிஸ்குமாரின் மில்லிமூலார் அளவில் வந்தால் அந்த மிச்சத்தில் பங்கு கேட்கும். அது தடுப்பி அல்ல, இன்னொரு சித்திரேற்று. கண்டுபிடிப்பது இலகு: கல்சியக் கரைசலை 25க்குப் பதில் 35 மில்லிமூலாராக வைத்து, டீ.எம்.எஸ்.ஓ. ஒப்பீட்டோடு திரும்பச் செய்யுங்கள். நீட்சி கரைந்துபோனால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது பொய்ச்சாட்சி வீழ்படிவு. நீரில் கரையாத சேர்வை திரவவிழையத்தில் விட்டதும் மங்கலாகும். ஒளியால் உறைவைப் பார்க்கும் கருவி அந்த மங்கலையே உறைவென்று எண்ணலாம், அல்லது உறைவைத் தவறவிடலாம். எஃகுக் குண்டு நிற்பதைப் பார்க்கும் கருவிக்கும், குழாயைச் சரித்துப் பார்க்கும் பழைய முறைக்கும் இந்தக் குழப்பம் இல்லை. சேர்வையைத் திரவவிழையத்தில் விட்டுப் பத்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குழாயே பொய் சொல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே நல்ல உதாரணம் உண்டு. கண்ணாடி விரியன், நம் பேச்சில் புடையன், கடித்தவருக்கு மருத்துவமனையில் செய்யும் 20 நிமிடச் சோதனை: 2 மி.லீ. நாளக்குருதியைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்து, 20 நிமிடத்தில் ஒருதரம் சரித்துப் பார்ப்பது. சவர்க்காரத் தூளால் கழுவிய குழாயிலோ பிளாஸ்ரிக்கிலோ செய்தால் விஷமேறாதவரின் குருதியும் உறையாமல் நிற்கலாம், ஏனென்றால் 12ஆம் காரணியைத் தூண்டுவதற்குக் கண்ணாடிச் சுவர் வேண்டும். அந்தச் சோதனை சரியாக வேலை செய்வதற்குக் காரணம், விஷம் 10ஆம் காரணியையும் 5ஆம் காரணியையும் ஊக்கிப் பைபிரினோசனை எரித்துத் தீர்க்கிறது. சோதனை கேட்பதும் உறைய ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதையே. கேள்வியும் பொறிமுறையும் பொருந்திவிட்டன.

குமாரினுக்குப் பொருத்தமான கேள்வி வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, விட்டமின் கே பாதையையே இலக்காக வைத்திருப்பது. அப்படியென்றால் ரிடக்ரேசு நொதியமும் காபொட்சிலேற்றமும் உள்ள வளர்ப்புக் கலங்களில் சேர்வையைச் சேர்த்து, அவை சுரக்கும் 9ஆம் காரணி முழுமையாகக் காபொட்சிலேற்றம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். அல்லது, விலங்கு நெறிமுறை அனுமதியோடு, எலிகளுக்குக் கொடுத்து 24, 48 மணிநேரத்தில் பீ.ரீ. பார்க்க வேண்டும், விட்டமின் கே1 கொடுத்தால் நேரம் திரும்ப இறங்குகிறதா என்பதையும் காட்ட வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் தூளைக் கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடக்கூடாது. குழாயில் ஒன்றும் செய்யாத சேர்வை உங்கள் ஈரலில் செய்யும்.

இரண்டாவது வழி, இறுதியாண்டுக்கு நான் பரிந்துரைப்பது: குழாயில் இருக்கும் ஒரு நொதியத்தையே இலக்காக எடுப்பது. துரொம்பினையும் 10ஏ காரணியையும் (10ஆம் காரணியின் ஊக்கப்பட்ட வடிவம்) நேரே அடைப்பவை இன்று மருந்துக்கடையில் இருக்கின்றன. டபிகட்ரான் துரொம்பினையும், ரிவரொக்சபான், அபிக்சபான் இரண்டும் 10ஏயையும் அடைப்பவை. அவை நானோமூலார் மட்டத்தில் வேலை செய்கின்றன. ஓர் ஆண்டில் அந்த மட்டத்தைத் தொடுவது கடினம். குமாரினை விட மனமில்லாதவர்களுக்கு, குமாரின்-3-காபொட்சமைட்டு வகைகள் 12ஏ காரணியைத் தடுப்பது ஏற்கெனவே பதிவான விடயம். தொகுப்பும் நமது கைக்குள் நிற்கும். சலிசிலல்டிகைட்டு 1.22 கிராம், மெல்ட்ரம் அமிலம் 1.44 கிராம், எதனோல் 10 மி.லீ., பிப்பெரிடீன் சில துளி. ரிஃப்ளக்ஸில் ஓரிரு மணிநேரம். ஆறவைத்து அமிலமாக்கினால் குமாரின்-3-காபொட்சிலிக் அமிலம், உருகுநிலை 190ஐ ஒட்டி. அதை வெவ்வேறு அனிலீன்களோடு அமைட்டாக்குங்கள். தயொனைல் குளோரைட்டு வழியாகப் போனால் அமிலக்குளோரைட்டை அன்றே பயன்படுத்துங்கள். இரவு முழுக்க வைத்தால் ஈரக்காற்று அதைத் திரும்ப அமிலமாக்கிவிடும். விளைவு குறையும், மிச்ச அமிலம் அமைட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். பைகாபனேற்றால் கழுவி அதை அகற்றுங்கள்.

இந்த இலக்கின் அழகு, முடிவைச் சரிபார்க்க இரண்டு கடிகாரங்கள் கிடைப்பது. 12ஏ அடைபட்டால் ஏ.பீ.ரீ.ரீ. நீள வேண்டும், பீ.ரீ. அசையக்கூடாது, ஏனென்றால் அது 12ஆம் காரணியைத் தொடாத பாதை. இரண்டும் சேர்ந்து நீண்டால் கல்சியத்தையோ வீழ்படிவையோ முதலில் சந்தேகியுங்கள். பிறகு தூய நொதியத்தில் நிறமாக்கும் அடிமூலப்பொருளோடு 405 நனோமீற்றரில் சரிவைப் பாருங்கள். நைத்திரோக் கூட்டமுள்ள மஞ்சட் சேர்வைகள் அதே அலைநீளத்தில் உறிஞ்சும். ஆகவே நொதியம் இல்லாத வெற்றுக் கிணறு (சோதனைத் தட்டின் குழி) ஒவ்வொரு செறிவுக்கும் வேண்டும். 0.01 சதவீத ட்ரைற்றன் (சவர்க்காரம் போன்ற பொருள்) சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், அங்கே நடந்தது சேர்வை திரண்டு நொதியத்தை ஒட்டிப் பிடித்தது மட்டுமே. சமிபாட்டு நொதியமான திரிப்சினையும் அதே தட்டில் ஓட்டுங்கள். இந்த நொதியங்கள் எல்லாம் திரிப்சினின் தாயாதிகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் தடுக்கும் சேர்வை மருந்தாகாது.

அட்டவணையில் ஐ.என்.ஆர். நிரலைப் போடாதீர்கள். அந்தச் சமன்பாட்டின் அடுக்கு வார்ஃபரின் வகை மருந்து எடுக்கும் நோயாளிகளைக் கொண்டு அளவீடு செய்யப்பட்டது. புதுச் சேர்வைக்கு அது பொருளற்ற எண். விநாடிகளை எழுதுங்கள், ஒப்பீட்டோடு விகிதத்தை எழுதுங்கள். நேர் ஒப்பீடாக ஏ.பீ.ரீ.ரீ.க்கு ஹெப்பரின், பீ.ரீ.க்கு ரிவரொக்சபான். அவற்றுக்குக் கீழே கடைசி வரியாக வார்ஃபரின் சோடியம், 100 மைக்ரோமூலார். அந்த வரியின் விநாடிகள் வெறும் டீ.எம்.எஸ்.ஓ. வரியோடு ஒத்துநிற்க வேண்டும். நிற்காவிட்டால் சேர்வைகளைப் பற்றி எதுவும் எழுதுவதற்கு முன், குழாயில் என்ன பிழை என்று தேடுங்கள்.